இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது.

தமுக்கு என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சர்க்கஸ் வந்திருக்கலாம். அம்மை குத்துகிறவர்கள் வந்திருக்கலாம். வகுப்பு முழுவதும் ஜன்னலுக்கு ஓடியது. அதட்டியிருக்க வேண்டும்... நானும் ஓடினேன்.

தமுக்கு நின்றது. கூட வந்த கோர்ட் சேவகர் காகிதத்தைப் பார்த்து உரக்கப் படித்தார். மண்டித் தெரு, பருத்தி மண்டி நல்லப்பன் வீடு. கடனுக்காக ஜப்தியாகி, வருகிற மாதம் ஏலத்துக்கு வருகிறது. கேட்க விரும்புகிறவர்கள் வீட்டு வாசலுக்கு வரலாம்.

பக்கத்து வகுப்பு மரகதம் டீச்சர் என் தோளைத் தட்டினார்.

"அதிர்ஷ்டக்காரி! நீங்க பாத்து வெச்ச வீடுதானே அது? பொறுத்துப் பொறுத்துக் கடைசியில பாதி விலைக்கு மடியில விழப் போகுது, பாருங்க!"

நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அதன் பிறகு ஐந்து வாரம் இந்தப் பத்திரிகைப் பத்தியில் மோட்டார் பஸ்ஸைப் பற்றியும் மூக்குக் கண்ணாடியைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றினேன். இனிமேல் முடியாது.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்கிறேன் – எங்களுக்கு வீடு இல்லை.

அப்பா செங்கோடன் பார வண்டி ஓட்டுகிறார். திருச்செங்கோட்டு மண்டிகளிலிருந்து சங்ககிரி ரயில் ஸ்டேஷனுக்குப் பருத்திப் பொதி ஏற்றிப் போவது அவர் தொழில். இருபது வருஷத்தில் ஆறு வாடகை வீடுகள். ஆறிலும் ஒரே தகராறு... மாட்டை எங்கே கட்டுவது? தெருவில் கட்டினால் அபராதம். வாசலில் கட்டினால் வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அம்மாவின் ஆசை மிகச் சின்னது. இரண்டு மாட்டுக்கு நிழல் வேண்டும். 'ஆணி அடிக்காதே' என்று சொல்ல ஆளில்லாத ஒரு சுவர் வேண்டும்.

எங்கள் வம்சத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மாவும் அப்படியே. பத்து வயதில் சேலத்துக்கு ஹாஸ்டலில் படிக்கப் போனவள், டிரெயினிங் முடித்து டீச்சராகத்தான் ஊர் திரும்பினேன். கர்வம் உண்டா? உண்டு. இல்லாமல் எப்படி இருக்கும்? நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்ப்பதற்காகவே அப்பா வண்டியை ஐந்து நிமிஷம் தாமதமாகப் பூட்டுவார்.

போன வருஷம் ஆவணியில்தான் அந்த மண்டித் தெரு வீடு விலைக்கு வந்தது. ஆடியில் யாரும் இப்படிப்பட்ட பேச்சை எடுக்கமாட்டார்கள் அல்லவா? ஆவணி பிறந்ததும் நல்லப்பரே அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா பதினைந்து வருஷமாக அவருடைய பொதிகளை ஏற்றுகிறவர். பருத்தி விலை சரிந்து அவருக்கு மண்டியில் அடி. கடன்காரர் நெருக்குகிறார். வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டால் மண்டியையாவது காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

என்னையும் அப்பா அழைத்துப் போனார். "பத்தரம் படிக்கோணும், நீ வா அம்மிணி" என்றார்.

நல்ல வீடு. பின்னால் கொட்டகை, கிணறு, ஒரு வேப்பமரம். நான் முற்றத்து வெளிச்சத்தில் போய் நின்று பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லையைப் படித்தேன், முத்திரையைப் பார்த்தேன், சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தேன். உள்ளே பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்து இருநூறு என்று பேச்சு முடிந்தது என் காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது நடுவில் தட்டு இருந்தது. அப்பா மடியிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டில் இருந்த வெற்றிலையை எடுத்துக்கொண்டார். நல்லப்பர் அப்பாவுடையதை எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் மென்றார்கள். நல்லப்பரின் சம்சாரம் என் பக்கம் தட்டை நீட்டுவதுபோல நீட்டினார்.

"எனக்கு வேண்டாங்க. பல் கறையாகும்" என்றேன்.

"அதுஞ் சரிதான். சின்னப் புள்ளைங்க வெத்தல போட்டா மாடு முட்டும். வண்டிக்காரரு ஊட்டுல ரெண்டு மாடு வேற நிக்குது!" என்றார் அந்த அம்மாள். எல்லோரும் சிரித்தோம்.

புறப்படும்போது நான் கைகூப்பி, "யோசித்துச் சொல்கிறோம்" என்றேன். புத்தகத் தமிழில். "யோசிச்சே சொல்லுங்க அம்மிணி. நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் நல்லப்பர்.

அன்றிலிருந்து நான் யோசிக்க ஆரம்பித்தேன்.

பேப்பரில் என்ன வந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பருத்தி இறங்கியது. நிலக்கடலை இறங்கியது. நெல் இறங்கியது. நிலம், வீடு, எல்லாம் இறங்கின. உலகம் முழுவதுமே இறங்குமுகம். இறங்காதது ஒன்றுதான். என் சம்பளம். மற்றவர்கள் எல்லோரும் தாழ்ந்துபோனதால் நான் உயர்ந்து நிற்கிறேன் என்பது அப்போது புரியவில்லை. நானாகவே வளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆயிரத்து இருநூறு கொடுக்க வேண்டுமா? மார்கழியில் அதே தெருவில் இதைவிடப் பெரிய வீடு ஆயிரத்துக்குப் போயிற்று. மாசியில் இன்னொன்று தொள்ளாயிரத்துக்கு. அவசரப்பட்டிருந்தால் முந்நூறு ரூபாய் நஷ்டம்! அது எனக்கு ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல்.

வெள்ளிக்கிழமைதோறும் அப்பா கேட்பார்.

"அம்மிணி, காயிதம் என்ன சொல்லுது?"

"இறங்குதுங்கப்பா. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்."

"செரி" என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். வண்டியைப் பூட்டிக்கொண்டு போவார்.

இதே பத்தியில் 'பொறுத்தார் வீடு ஆள்வார்' என்று ஒரு கட்டுரைகூட எழுதினேன். மறந்திருக்கமாட்டீர்கள். 'விலை இறங்கும் காலத்தில் வாங்க ஓடுகிறவன், மழைக்கு முந்தி விதைக்கிறவன்' என்று எழுதியிருந்தேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. ஆத்தூரிலிருந்து ஒருவர், என் பேச்சைக் கேட்டு அச்சாரம் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டதாக எழுதினார். அவருக்கு விற்க இருந்தவர் என்ன ஆனார்? அன்றைக்கு அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை.

சரி, தமுக்கு அடித்த நாளுக்கு வருகிறேன்.

அன்று மாலை நான் ஒரு முடிவு செய்தேன். ஏலத்தில் அந்த வீடு அறுநூறுக்குக்கூடப் போகாது என்றார்கள். நான் எண்ணூறு தருவது, இரண்டு பேருக்கும் நல்லது. மனது நிறைந்து போயிற்று. தர்மம் செய்யப் போகிறவர்களுக்கு என்று ஒரு நடை இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? அந்த நடை எனக்கு வந்துவிட்டது.

"வாங்கப்பா, போய்ப் பேசிட்டு வரலாம்" என்றேன்.

"நான் வரலை அம்மிணி" என்றார் அப்பா. மாட்டின் கழுத்தைத் தடவியபடி திரும்பி நின்றுகொண்டார்.

அம்மாதான் கூட வந்தாள். நல்லப்பர் வீட்டுக் கதவில் கோர்ட் காகிதம் ஒட்டியிருந்தது. அவர் சம்சாரம் வாசலிலேயே இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. பழம் பழுத்திருச்சுங்களா? அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னீங்களே ஒரு வருசமா... விழுந்திருச்சு, பொறுக்கிக்குங்க."

"சும்மா இரு புள்ள. ஊடு தேடி வந்தவங்களை..." என்று உள்ளேயிருந்து நல்லப்பர் வந்தார். ஆள் பாதியாக இருந்தார்.

நான் எண்ணூறு என்று சொன்னேன். அவர் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார்.

"இப்ப ஊடு என்ற கையில இல்லீங்க அம்மிணி. கோர்ட்டு கையில இருக்குது. வைகாசியில சொல்லியிருந்தாக்கூட ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்."

"வைகாசியில யாரும் கேக்கலைங்களா?" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "கேக்காமலா? போன ஐப்பசியிலயே ஈரோட்டுக்காரரு ஒருத்தரு வந்து ஆயிரத்து முந்நூறு கையில வெச்சாரு. ரொக்கம். இந்த மனுசன் வேண்டாம்னு தாட்டி உட்டுட்டாரு."

"ஏனுங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

நல்லப்பர் என்னைப் பார்த்தார். கேலி செய்கிறேனோ என்று பார்த்த மாதிரி இருந்தது.

"ஏனுங்களா? செங்கோடனும் நானும் வெத்தல மாத்திட்டமே அம்மிணி. அப்பறம் இன்னொருத்தனுக்கு எப்படிக் குடுக்கறது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? படித்தவள் சொல்கிற வார்த்தை.

"எழுதிக்கவே இல்லையேங்க..."

"எழுதறதா?" அவர் புரியாமல் கேட்டார். "வெத்தலையிலயா?"

ஹாஸ்டலில் வளர்ந்தவளுக்கு நிச்சயதாம்பூலம் தெரியும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் மாற்றுவது. வீட்டுக்கும் அப்படித்தான் என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை. அன்றைக்கு அந்தத் தட்டில் கிரயம் முடிந்துவிட்டது. நான் பத்திரத்தில் முத்திரையைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் முடிந்துவிட்டது. 'யோசித்துச் சொல்கிறோம்' என்றதை அவர்கள் நாள் பார்ப்பதாக எடுத்துக்கொண்டார்கள். நான் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு வருஷமாக எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடன் வட்டியோடு ஏறியது, வீடு விலையில் இறங்கியது... இரண்டுக்கும் நடுவில் அவர்.

வெளியே வரும்போது அவர் பின்னாலேயே வந்தார். "ஏலத்துல நீங்களே கேளுங்க அம்மிணி. என்ன இருந்தாலும் தெரிஞ்ச சனம். அசலான் எடுக்கறதுக்கு நீங்க எடுக்கலாம். கொஞ்சம் கூடப் போச்சுன்னா என்ற கடனும் அந்தளவுக்குக் கொறையும்." அவர் சம்சாரம் அதைக் கேட்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"வெத்தல மாத்தினா வாக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானேங்கப்பா?"

"அது தெரியாம?"

"அப்பறம் ஏன் ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலை?"

"உனக்குத் தெரியாதுன்னு நான் நெனைக்கவே இல்ல சாமி. வெத்தலையும் தெரிஞ்சு, காயிதமும் தெரிஞ்சு, ரெண்டுக்கும் மேல எதையோ பாத்துத்தான் நீ பொறுக்கச் சொல்றேன்னு நெனச்சேன்."

அம்மாதான் மீதியைச் சொன்னாள். "அவரு வாராவாரம் கேப்பாரு, 'என்ன செங்கோடா, நாள் பாத்தாச்சா'ன்னு. இவரு என்ன சொல்வாரு? 'புள்ள பாத்துக்கிட்டிருக்குதுங்க'ம்பாரு. பொறவு மண்டித் தெருப் பக்கம் வண்டி ஓட்டறதையே உட்டுட்டாரு. ரெண்டு மைல் சுத்தித்தான் சங்ககிரி ரோட்டைப் புடிச்சாரு."

ஒரு மாட்டு வண்டி பொதியோடு ரெண்டு மைல் சுற்றுகிறது. என் படிப்பின் மேல் இருந்த மரியாதைக்காக.

விலை இறங்குகிறது, விலை இறங்குகிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். மழை இறங்குகிறது என்பதைப் போலத்தான் நானும் படித்தேன். யார் வீட்டுக் கூரையில் என்று அதில் போடுவதில்லை. எந்த விலையும் சும்மா இறங்குவதில்லை என்பதற்கு இப்போது எனக்கு ஓர் ஆளின் முகம் தெரியும்.

அப்புறம் எங்கள் வீட்டில் ஒரு மாதம் இதே பேச்சு. ஏலத்தில் கேட்பதா, வேண்டாமா?

"நாம எடுக்காட்டி கடன்காரன் எடுப்பான். அவனுக்குப் போறதுக்கு நமக்குன்னு வந்தா என்ன?" என்றாள் அம்மா. "இருவது வருசமா ஒரு ஆணி அடிக்கலை நானு."

"ஊரு என்ன சொல்லும்? வெத்தல குடுத்துட்டு ஏலத்துக்குக் காத்துக்கிட்டிருந்தான்னு சொல்லும்" என்றார் அப்பா. "நீங்க எடுக்கறதுன்னா எடுங்க. நான் வேண்டாங்கலை. அந்த வாசப்படி என்னால ஏற முடியாது."

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். இன்னமும்! இவ்வளவுக்குப் பிறகும் தீர்ப்பு சொல்லவேண்டியவள் நான்தான்.

நான் கேட்பது என்று முடிவு செய்தேன். வீட்டுக்காக இல்லை. அது அப்போதே எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. நான் ஒவ்வொரு தடவை உயர்த்திக் கேட்கும்போதும் நல்லப்பர் தலையிலிருந்து கொஞ்சம் பாரம் இறங்குமே? செய்ததில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கலாமே? கையில் எண்ணூறு இருந்தது. எண்ணூறு வரைக்கும் விடுவதில்லை.

ஏலத்துக்கு முதல் நாள் விடியற்காலை அப்பா வண்டியில் நல்லப்பர் வீட்டுச் சாமான்களை ஏற்றினார். ஆத்தூர்ப் பக்கத்தில் அந்த அம்மாளின் பிறந்த ஊர். அண்டா, உரல், இரண்டு பெட்டி, ஒரு மண்டித் தராசு. தராசை எதற்கு எடுத்துப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாள் வண்டியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வீதி திரும்புகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் முப்பது பேர் இருப்பார்கள். வாங்க வந்தவர்கள் நாலு பேர். மற்றவர்கள் வேடிக்கை. பெண் என்று பார்த்தால் நானும் அம்மாவும் மட்டும்.

கடன்காரரின் ஆள் நானூறு என்றார். யாரோ நானூற்றைம்பது என்றார். ஐந்நூறு. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"அட, டீச்சரம்மா வந்திருக்காங்களே!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. "வழி உடுங்கப்பா. ஒரு வருசமாக் காத்திருந்தவங்க."

"வெத்தல காஞ்சாலும் ஊடு காயலை போல!" என்றது இன்னொரு குரல். சிரிப்பு எழுந்தது. சின்னச் சிரிப்புத்தான். என்னைப் பார்த்து இந்த ஊரில் யாரும் சிரித்ததில்லை.

"ஐந்நூத்து அறுவது" என்றார் கடன்காரரின் ஆள்.

"ஐந்நூத்து அறுவது, ஒரு தரம்."

அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ரெண்டு தரம்."

எண்ணூறு ரூபாய் என் மடியில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று ஒரே ஒரு வார்த்தை. ஊர் முழுவதும் என்னைப் பேராசைக்காரி என்று சொன்னால்தான் என்ன? அந்த மனிதர் இதைவிடப் பெரியதை எனக்காகத் தாங்கவில்லையா?

"மூணு தரம்."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்நூற்று அறுபதுக்குப் போய்விட்டது. மீதிக் கடன் அப்படியே அவர் தலையில். முதல் தடவை, எல்லாம் தெரியும் என்ற கர்வத்தால் கெடுத்தேன். இரண்டாவது தடவை, நாலு பேர் சிரிக்கிறார்களே என்ற கர்வத்தால் கெடுத்தேன். தெரியாமல் செய்தது ஒன்று. தெரிந்தே செய்தது ஒன்று.

இப்போது தரகர்கள் தினமும் வருகிறார்கள். அந்தத் தெருவில் எழுநூறு, இந்தத் தெருவில் அறுநூறு, இன்னும் குறைத்துப் பேசலாம் என்கிறார்கள். விற்கிறவர் யார் என்று கேட்கிறேன். அது எதற்கு உங்களுக்கு என்கிறார்கள். வாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை. அவள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

சாமான் ஏற்றிப் போன ஆறாம் நாள் சாயங்காலம் அப்பா ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தார். மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டினார்.

"கூலி குடுத்தாருங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"குடுத்தாரு. வாங்கிக்கிட்டேன். வேண்டாம்னா அவருக்குச் சங்கடமாயிரும்."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களாப்பா?"

"வையலை. வழியில ஒருக்கா, 'புள்ள மேக்கொண்டு படிக்குதா செங்கோடா'ன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'இல்லீங்க, எல்லாம் படிச்சு முடிச்சிருச்சுங்க'ன்னு சொன்னேன்."

பெருமையாகத்தான் சொல்லியிருப்பார். அதைத்தான் தாங்க முடியவில்லை.